நாலு வரிசைக் கருவேலம்

எண்பதுகளில் தாம்பரத்துக்குக் கிழக்கே மனை வாங்கிப் போட்டவர்களுக்கெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம் இருந்தது. சாப்பிட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு போய் மனையைப் பார்த்துவிட்டு வருவது. மனையில் பார்க்க ஒன்றும் இருக்காது. புல் இருக்கும், மூலைக்கொன்றாக நாலு எல்லைக் கல் இருக்கும். போன வாரம் இருந்த இடத்திலேயே அந்தக் கற்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்குத்தான் அவ்வளவு தூரம் போவது. யாரோ ஒருவருடைய கல் இரண்டு அடி நகர்ந்துவிட்டது, கோர்ட்டுக்குப் போய் எட்டு வருஷமாக அலைகிறார் என்று பஸ்ஸில் எதிர் சீட்டில் இருப்பவர் கட்டாயம் ஒரு கதை சொல்வார். அதைக் கேட்டுவிட்டால், பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் எல்லோருக்கும் முன்னால் நடப்பேன்.

நான் பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். மேற்குத் தாம்பரத்தில் வாடகைக்கு இருந்தோம். வேறு எதிலும் எங்களுக்குள் ஒத்துப்போகாது, மனை விஷயத்தில் மட்டும் ஒரே மனது. கேம்ப் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் இருபத்தைந்து நிமிஷம் நடந்தால் எங்கள் இடம். முன்பக்கம் மண் ரோடு. இரண்டு பக்கமும் எங்களைப் போலவே மனை வாங்கிவிட்டு வாடகை வீட்டில் காத்திருக்கிறவர்களின் இடம். பின்பக்கம் ஏரிக்கரையை ஒட்டி நீளவாக்கில் ஒரு துண்டு நிலம். அதில் ஒரு கீற்றுக் கொட்டகையும் இருபது ஆடுகளும் இருந்தன.

அந்தத் துண்டு, ஆடு வளர்க்கிற ஓர் அம்மாவுக்குச் சொந்தம். அவருடைய அப்பா வழியில் வந்த பட்டா நிலம். வீடு ஊருக்குள் இருந்தது. கொட்டகை மட்டும் இங்கே. என்னைவிட எட்டு பத்து வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அம்மா என்பார். முதல் நாள் பார்த்தபோதே, கேட்காமல் கொள்ளாமல் தன் நிலத்தின் கணக்கைச் சொல்லிவிட்டார்.

“இருவத்திரண்டு அடி அகலம்மா. அந்தாண்ட கரை சரிவு, ஒண்ணும் பண்ண முடியாது. எம் பொண்ணு படிச்சிகினு கீது. அதுக்கு ஒரு ரூம்பு, ஒரு அடுப்படி, ஆட்டுக்கு ஒரு கொட்டாய். அதுக்கு செரியா வரும். அதுக்காவத்தான் இத்த விக்காம வச்சிகினு கீறேன்.”

நான் சிரித்தேன். எனக்கும் என் மனையைத் தவிரப் பேச வேறு விஷயம் கிடையாது.

மூன்று பக்கம் கருங்கல் கால் நட்டுக் கம்பி கட்டினோம். பின்பக்கத்துக்கு வரும்போது கையில் ஒன்றும் மிச்சமில்லை. அப்போதுதான் ஆட்டுக்காரம்மா வழி சொன்னார்.

“கம்பி இன்னாத்துக்கும்மா? ஏரில முள்ளு கீது இவ்ளோ. இஸ்துகினு வந்து போட்டா ஆச்சு.”

ஏரிக்குள் கருவேல மரங்கள் நின்றன. தானாக வந்தவை அல்ல. சில வருஷங்களுக்கு முன்னால் சர்க்கார் ஆட்கள் வரிசை பிடித்து நட்டவை. ரயில் பாதை ஓரமெல்லாம் மண்டிக் கிடக்கிற வேலிகாத்தான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னதற்கு ஆட்டுக்காரம்மா, என்னமோ நான் எருமையைக் காட்டிப் பசு என்று சொன்னதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தார். இது வேறு. அடிமரம் கறுத்து வெடித்திருக்கும். பூ மஞ்சளாகச் சின்னப் பந்து மாதிரி இருக்கும். காய் சாம்பல் நிறத்தில், மணி மணியாகக் கோத்ததுபோல நடுநடுவே இறுகியிருக்கும். முள் வெள்ளையாக, இரண்டிரண்டாக, என் சுண்டு விரல் நீளம். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் மூன்று மாதம் நின்றாலும் அந்த மரத்துக்கு ஒன்றும் ஆகாது. வக்கா நாரையும் நீர்க்காகமும் அதில்தான் கூடு கட்டும். முள் இருப்பதால் பாம்பும் பையன்களும் ஏறத் தயங்குவார்கள் என்பது என் வீட்டுக்காரரின் விளக்கம்.

ஏரி வற்றியதும் மரத்தை ஏலம் எடுத்தவரின் ஆட்கள் வந்து ஒரு பக்கமாக வெட்டிக்கொண்டு போவார்கள். அடிமரம் வண்டிச் சக்கரத்துக்கும் ஏர் செய்வதற்கும், நடுத்தரக் கிளை விறகுக்கும் போகும். பட்டையை உரித்துத் தனிக் கட்டாகக் கட்டுவார்கள். பல்லாவரத்துக்குத் தோல் பதனிடப் போகிறது என்றார்கள். கடைசியில் மிஞ்சுவது முள் கிளை. அதை யாரும் சீந்த மாட்டார்கள். அதைத்தான் ஆட்டுக்காரம்மா கவைக்கோலால் இழுத்து வந்து, எங்கள் பின்பக்கத்து இரண்டு கல்லுக்கும் நடுவில் நீளமாக அடுக்கினார். மார்பளவு உயரம், இரண்டடிக்கு மேல் அகலம். ஒரு கோழி நுழைய முடியாது. பதிலுக்கு அவருடைய ஆடுகள் முன்பக்கத் திறப்பு வழியாக வந்து எங்கள் மனையிலும் படுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. ஆட்டுப் புழுக்கை விழுந்தால் மண்ணுக்கு நல்லது, பின்னால் வாழை வைக்கலாம் என்று என் வீட்டுக்காரர் அதிலும் ஒரு லாபம் பார்த்தார்.

முள் கிளைகளில் காய் இருந்தது. ஆடுகளுக்கு அதுதான் வேண்டும். சித்திரையில் பச்சை என்று கண்ணால் பார்க்க ஒன்றும் இல்லாதபோது, வேலியோரம் வரிசையாக நின்று, முள்ளுக்கு நடுவே உதட்டை நீட்டி, ஒரு காயையும் விடாமல் பறித்துத் தின்னும். எப்படி உதட்டில் குத்தவில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. தின்றுவிட்டு அங்கேயே வேலி நிழலில் படுத்து, அங்கேயே புழுக்கை போடும். அந்தக் காயில்தான் ஆடு தேறுகிறது, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வேலங்காய் தின்ற ஆடு என்று சொன்னாலே ஒரு மரியாதை என்பார் ஆட்டுக்காரம்மா. அவருடைய பெண் மரத்தில் வடிந்த பிசினைக் கொட்டாங்கச்சியில் சேர்த்து எனக்குக் கொடுக்கும். தண்ணீரில் ஊறப்போட்டால் நல்ல பசை. எங்கள் அலுவலகத்துத் தபால் உறைகள் பலவற்றை நான் அதில்தான் ஒட்டினேன்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் என் வீட்டுக்காரர் வேலியோரமாகப் பெருநெல்லி விதை ஊன்றினார். யாரோ சக வாத்தியார் கொடுத்த விதை. ஐப்பசியில் நன்றாக மழை பெய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், வேலி நெடுகிலும் பொடிப் பொடி இலையோடு கன்றுகள். மனிதருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பத்து விதை ஊன்றியவர் நாற்பது கன்று வந்திருக்கிறதே என்று ஒரு நிமிஷமாவது யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. கணக்கு வாத்தியார் வேறு. மழை நின்ற பிறகு வாரா வாரம் ஏரியிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். நானும் ஒரு குடம் சுமந்தேன். தை மாதம் வாக்கில் கன்றுகளில் பிஞ்சு முள் தெரிய ஆரம்பித்தது.

“நெல்லியில் முள் உள்ள ஜாதி ஒன்று இருக்கலாம்,” என்றார்.

ஆட்டுக்காரம்மா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார், முடியவில்லை.

“சார், இது ஆடு போட்ட நெல்லி சார். காய்ல கொட்ட கல்லு மாதிரி கீது. சும்மா மண்ணுல போட்டா சட்டுனு மொளைக்காது. ஆட்டு வவுத்துல போயி வந்தாத்தான் அதுக்கு வெளிச்சம் தெரியும்.”

பிடுங்கிப் போடலாம் என்றேன். ஆறு வாரம் தண்ணீர் ஊற்றியவருக்கு மனசு வரவில்லை. வேலிக்குள்ளேயே நிற்கட்டும், வேலிக்குப் பலம்தானே என்றார். நானும் விட்டுவிட்டேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் விஷயம். முள் வேலி ஒரு வருஷத்துக்குமேல் தாங்காது. கிளை காய்ந்து உட்காரும், கரையான் ஏறும், யாராவது அடுப்பெரிக்க இரண்டு கிளையை உருவிக்கொண்டு போவார்கள். ஆகவே ஒவ்வொரு கோடையிலும் புது முள் போடவேண்டும். இரண்டாம் வருஷம் ஆட்டுக்காரம்மா கிளையை இழுத்துக்கொண்டு வந்தபோது நான் குடை பிடித்துக்கொண்டு அங்கே நின்றேன். பழைய முள்ளுக்கு உட்பக்கம், எங்கள் மனைக்குள் போடத் தொடங்கினார்.

“உள்ளே வேண்டாம்க்கா. வெளிப்பக்கமா போடுங்க,” என்றேன்.

“வெளியவா?”

“ஆமாம். உள்ளே போட்டா எங்க இடம் குறையுதில்ல?”

கையில் கிளையோடு சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், தன் நிலத்தில் போட்டார். அவருடைய பக்கத்தில் வேலி கிடையாது, திறந்த வெளி, ஆடு மேய்கிற மண். அன்றைக்கு அது ஒரு பெரிய விஷயமாக எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. மூன்றாம் வருஷமும் அப்படித்தான். நாலாம் வருஷம் நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவராகவே வெளிப்பக்கம் போய்விட்டார்.

ஒவ்வொரு மழைக்கும் புது முள்ளின் ஓரமாகக் கன்று வந்தது. அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. முதல் வருஷத்துக் கன்றுகள் வளர்ந்து என் தலைக்குமேல் போய்விட்டன. பிறகு முள் போடவேண்டிய தேவையே இல்லாமல், பின்பக்கம் ஒரு சின்னக் காடாகிவிட்டது. தூக்கணாங்குருவி வந்து கூடு கட்டியது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் முன்பக்கத்து இரண்டு கல்லையும் காலால் தட்டிப் பார்ப்போம். பின்பக்கத்துக் கற்கள் முள்ளுக்குள் இருந்தன. அங்கே யார் கை வைக்கப்போகிறார்கள் என்று திரும்பிவிடுவோம். இத்தனை கருத்தாக மனையைக் காவல் காத்த நாங்கள் பின்பக்கத்துக் கல்லைப் பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

தொண்ணூற்றொன்றில் கடன் கிடைத்து வீடு கட்ட ஆரம்பித்தோம். சுவரெல்லாம் எழும்பி, தளம் போட்டாகிவிட்டது. அடுத்த கோடையில் காம்பவுண்டு சுவருக்கு மேஸ்திரி நூல் கட்டினார். பின்பக்கம் எங்கே கட்ட என்று கேட்டார். வேலி எங்கே இருக்கிறதோ அங்கே என்றேன். மரக்கூட்டத்துக்கு அந்தப் பக்கம், கடைசி வரிசைக்கும் வெளியே நூலைக் கட்டினார்.

மறுநாள் ஆட்டுக்காரம்மா வந்தார். வழக்கமாக வந்ததும் ஆட்டைப் பற்றிப் பேசுகிறவர், அன்றைக்கு நின்றுகொண்டேயிருந்தார். பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இடம் பார்க்க வந்து, கயிறு பிடித்து அளந்திருக்கிறார்கள்.

“பாஞ்சு அடிதாம்மா வர்து. இருவத்திரண்டுனு சொல்லி வச்சிகினு கீறேன். பதினஞ்சுல ரூம்பு வருமா, அடுப்படி வருமா, நடக்க வழி வோணாமா? பொய் சொல்லிட்டியானு கேக்கறாங்க. இடம் இல்லாகாட்டி அவங்க வேற எடம் பாத்துப்பாங்களாம்.”

எனக்கு அவர் சொல்ல வருவது புரிந்தது. புரிந்த மாத்திரத்தில் கோபம் வந்துவிட்டது. பஸ்ஸில் கேட்ட கல் நகர்த்தின கதைகள் அத்தனையும் தலைக்குள் வந்து நின்றன.

“அதுக்கு நான் என்ன பண்ணறது? எங்க கல்லை நாங்க வாரா வாரம் பாக்கறோம்.”

“கல்லு உள்ள கீதும்மா. முள்ளுக்குள்ள. அந்தாண்ட மேஸ்திரி நூலு கட்டிகினு கீறாரு.”

“இத்தனை வருஷம் எங்க இடத்தில ஆடு கட்டிக்கிட்டு, இப்ப வீடு வந்ததும் எங்க இடத்தையே கேக்கறீங்களா?”

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலத்திலிருந்து எங்கள் மனையில் ஓர் ஆடும் கால் வைக்கவில்லை. என் வீட்டுக்காரர், அளந்துதான் பார்த்துவிடலாமே என்றார். அளக்கட்டும், அப்போதுதான் அந்த அம்மாவுக்கு வாயடைக்கும் என்றேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொன்னது அதுதான்.

சர்வேயர் சங்கிலியோடு வந்தார். ஆட்டுக்காரம்மாவும் வரவழைக்கப்பட்டு, தன் பக்கத்தில் தனியாக நின்றார். முன்கல்லிலிருந்து அளந்துகொண்டே போன சர்வேயர் மரக்கூட்டத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“என்ன மேடம், பத்திரத்துல அறுபது அடி. அறுபது இங்கேயே முடிஞ்சுபோச்சே. அந்த நூல் எதுக்கு அவ்வளவு தள்ளிப் போயிருக்கு?”

“வேலி அங்கேதான் சார் இருக்கு.”

அவர் குனிந்து மரங்களுக்குள் பார்த்தார். “எதுக்கு நாலு வரிசையா நட்டிருக்கீங்க?”

“நாங்க நடலை. அதுவா முளைச்சது.”

“அதுவா முளைச்சா இப்படி வரிசையாவா நிக்கும்?”

என் வீட்டுக்காரர் முன்னால் போய், முதல் வரிசை மரம் ஒன்றின் மேல் கையை வைத்தார். அது என் தொடைப் பருமன் இருந்தது. “இது நான் தண்ணி ஊத்தினது,” என்றார். இரண்டு அடி தள்ளி அடுத்த வரிசை, கொஞ்சம் ஒல்லி. “இது அதுக்கு அடுத்த வருஷம்.” இன்னும் இரண்டு அடி தள்ளி, கைப்பிடிப் பருமனில் ஒன்று. “இது மூணாம் வருஷம்.” கடைசியில் நூலை ஒட்டி, என் மணிக்கட்டு அளவுக்கு நின்றதைத் தொட்டார். வகுப்பில் கரும்பலகையில் கணக்குப் போட்டு, விடை தப்பாக வந்ததைப் பையன்களோடு சேர்ந்து தானும் பார்க்கிறவரைப் போல நின்றார்.

ஒவ்வொரு வருஷமும் முள் எங்கே கிடந்ததோ, ஆடு அங்கே நின்று தின்று, அங்கேயே புழுக்கை போட்டு, அங்கேயே மரம் வந்திருக்கிறது. வேலி நடந்து போன தடம் முழுக்க எழுதி வைத்ததுபோல நின்றது. சர்வேயரின் ஆள் முதல் வரிசையின் அடியில் கடப்பாரையால் மக்கிய முள்ளையும் புழுக்கை மண்ணையும் கிளறினான். ஒரு முழ ஆழத்தில் கல் இருந்தது. கருவேலத்தின் வேர் அதைச் சுற்றிப் பிடித்திருந்தது. அது போட்ட இடத்திலேயே இருந்தது. அதை யாரும் நகர்த்தவில்லை. கல்லை அங்கேயே வைத்துவிட்டு வேலியை நகர்த்தியது நான்.

அளந்தார்கள். நூல் ஏழு அடி வெளியே இருந்தது.

நான் ஆட்டுக்காரம்மாவைப் பார்க்கவில்லை. அவர்தான் எங்கள் பக்கம் வந்தார். என் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

“நீ இன்னா பண்ணுவம்மா, முள்ளு போட்டது நான்தானே,” என்றார்.

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். நாலு பேர் நடுவில் என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை. குடையைப் பிடித்துக்கொண்டு நின்று நான் சொன்ன வார்த்தை என் காதிலேயே விழுந்தது. இரண்டு தடவை சொன்னதே போதுமென்று, பிறகு அவராகவே அதைச் செய்திருந்தார்.

நூலை அவிழ்த்துக் கல்லுக்குக் கொண்டுவந்தோம். திருப்பிக் கொடுத்தோம் என்று சொல்வதே தப்பு. அது அவருடைய இடம். என் வீட்டுக்காரர் மாப்பிள்ளை வீட்டுக்கே நேரில் போய், தப்பு எங்கள் பேரில்தான், இருபத்திரண்டு அடி சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார். நான் போகவில்லை. எனக்கு வாய் அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள், அன்றைக்கு அது உதவவில்லை. கல்யாணம் ஆவணியில் நடந்தது.

முதல் வரிசை எங்கள் பக்கம் நின்றது. மற்ற மூன்று வரிசையும் அவருடைய நிலத்தில். பெண்ணுக்கு வீடு கட்டத் தொடங்கியபோது அவற்றை வெட்டினார். ஆட்டுக் கொட்டகைக்குக் கால்களாக நட்டார். சின்னக் கிளைகள் கல்யாணச் சமையலுக்கே எரிந்திருந்தன. எங்களுக்குப் பின்சுவர் எழுப்ப அந்த வருஷம் முடியவில்லை. முதல் வரிசைக்கும் அவருடைய செங்கல் அடுக்குக்கும் நடுவில் கல்லும் நூலும் மட்டும்தான் இருந்தன.

அந்தச் செங்கல்லையும் மணலையும் சுற்றி அவர் முள் போட்டார். நான் சமையலறைக் கதவுப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நூலை ஒட்டிப் போடாமல், தன் பக்கத்தில் நன்றாக இரண்டு அடி உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டு போனார். கணக்குப் பார்த்துக் கட்டுகிற இடம். அவ்வளவு இடத்தை விட்டால் மேஸ்திரிக்கு நிற்க வழியிருக்காது.

“ஏன்க்கா அவ்வளவு உள்ளே போடறீங்க? கல்லு இங்கதானே இருக்கு. எங்க பக்கம் போட்டாக்கூடப் பரவாயில்லை,” என்றேன்.

அவர் நிமிரவில்லை. கவைக்கோலால் கிளையை அமுக்கிக்கொண்டே சொன்னார்.

“காயோட கீதும்மா முள்ளு. வெளிய போட்டா உன் எடத்துல மொளச்சிடும். அப்பறம் உனக்குத்தான் பேஜாரு.”

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. அவர் அடுத்த கிளையை இழுக்கப் போய்விட்டார்.